இருட்டிலும் கட்டக்கூடிய முடிச்சு எது? கிளின்ச், பலோமார், யூனி, லூப்: ஓர் அலசல்

பினாங்கின் பத்து மாவுங் கரையிலோ தெலுக் பஹாங் பாறைகளிலோ மாலையில் தூண்டில் போடுகிறவர்களிடம் பெரிய மீன் ஒன்று தப்பிவிட்டால், "அறுத்துக்கொண்டு போய்விட்டது" என்ற சொல்தான் முதலில் வரும். அது உண்மையா என்பதைக் கையில் மிஞ்சிய தூண்டில் நரம்பின் நுனியே சொல்லிவிடும். பாறையிலோ அதில் ஒட்டி வாழும் கொட்டலசின் கூரிய ஓட்டிலோ உரசிய நுனி சொரசொரப்பாக, நார் நாராக இருக்கும். தாங்கும் எடையை மீறி அறுந்த நுனி பெரும்பாலும் நேராக நிற்கும். பாகற்கொடியின் பற்றுக்கம்பியைப் போல நுனி சுருள் சுருளாக வந்தால், மீன் எதையும் அறுக்கவில்லை, முடிச்சுதான் வழுக்கி அவிழ்ந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சுருளை நான் பல ஆண்டுகள் கவனிக்காமல் நரம்புக் கம்பெனிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முடிச்சுகளை ஒப்பிடும்போது பலரும் வலிமையை மட்டும் பார்க்கிறார்கள். மேசைமேல், நல்ல வெளிச்சத்தில், உலர்ந்த கையால், நிதானமாகக் கட்டினால் இங்கே பேசப்போகும் நான்குமே நம் தேவைக்குப் போதுமானவைதான். நீரேற்றம் தொடங்கி, காற்று எழும்பி, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஈரக் கையோடு அவசரமாகக் கட்டும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. ஆகவே நான் எல்லா முடிச்சிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: தவறாகக் கட்டினால், வீசுவதற்கு முன்பே அது தன் தவறைக் காட்டிக்கொடுக்குமா?

முதலில் கிளின்ச். நம்மில் பெரும்பாலோர் சிறுவயதில் அப்பாவிடமோ மாமாவிடமோ கற்ற முதல் முடிச்சு இதுவாகத்தான் இருக்கும். தூண்டில் முள்ளின் கண்ணில், அதாவது அதன் துளையில், நுழைத்த நுனியைக் கோலிலிருந்து வரும் தாய் நரம்பின்மேல் ஐந்தாறு சுற்று சுற்றி, கண்ணை ஒட்டியுள்ள சிறு கண்ணிக்குள் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய கண்ணிக்குள்ளும் ஒருமுறை விட்டு இழுத்தால் முடிந்தது. மெல்லிய சாதாரண நைலானில், அதாவது மலாய்க்காரர்கள் தங்சி என்றும் தமிழகத்தில் தங்கூசி என்றும் ஏறக்குறைய ஒரே ஒலியில் சொல்லும் அந்த நரம்பில், இதற்குக் குறை சொல்ல முடியாது. சுற்றுகள் நைலானை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. முப்பது பவுண்டு எடைக்கு மேல் தாங்கும் தடித்த நரம்பில் சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர மறுக்கும். பிஇ எனப்படும் பாலிஎதிலீன் பின்னல் நரம்பிலோ பிடிப்பே இருக்காது, ஏனெனில் அந்த இழை இயல்பிலேயே வழுவழுப்பானது. இதைவிட மோசமானது, அரைகுறையாக இறுகிய கிளின்ச்சும் பார்வைக்கு அழகாக இருப்பதுதான். விரலால் இழுத்துப் பார்த்தால் நிற்கும். சியாக்காப் எனும் கொடுவா மீன் ஒன்று தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும் அந்த நொடியில் அவிழும். என் கேள்விக்கு இந்த முடிச்சு தேறவில்லை.

பலோமாரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நரம்பை ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, இரட்டை நரம்பிலேயே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சைப் போட்டு, மடிப்பின் கண்ணிக்குள் முள் முழுவதையும் நுழைத்து எடுத்து இழுக்க வேண்டும். கண்ணில் இரண்டு இழைகள் இருப்பதால் பாரம் பகிரப்படுகிறது. பின்னல் நரம்பை நேரடியாகச் சிறிய முள்ளிலோ ஜிக் எனும் எடையுள்ள செயற்கை இரையிலோ கட்டுவதென்றால் நான் வேறு எதையும் தேடுவதில்லை. கற்றுக்கொள்ளவும் இதைவிட எளிதானது இல்லை. என் அண்ணன் மகன் ஒரே மாலையில் கற்றுக்கொண்டான்.

ஆனால் அந்த எளிமை சிறிய முள்ளோடு முடிந்துவிடுகிறது. மும்முனை முள் இரண்டு தொங்கும் ஒரு சாண் நீள லூரை, அதாவது மீன் வடிவச் செயற்கை இரையை, அந்தக் கண்ணிக்குள் நுழைத்துப் பாருங்கள்: ஒரு முனை நரம்பில் மாட்டும், மற்றொரு முனை சட்டையில் மாட்டும், மூன்றாவது எங்கே மாட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முள்ளுக்கு முன்னால் இணைக்கும் தடித்த நரம்பான லீடர் நாற்பது பவுண்டு என்றால், அதை மடித்தால் பல லூர்களின் கண்ணுக்குள் அது நுழையவே நுழையாது. ஒவ்வொரு முறையும் ஒரு சாண் நரம்பு செலவாவதால், நான்கு முறை லூர் மாற்றினால் லீடர் பாதியாகிவிடும். இன்னொரு நுட்பமான குறையும் உண்டு. இரட்டை இழைகள் இணையாகப் படுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்தால் முடிச்சு அங்கேயே தன்னை அறுத்துக்கொள்ளும், குறிப்பாக ஃப்ளூரோகார்பன் எனும் விறைப்பான நரம்பில். இருட்டில் அந்தக் குறுக்கீடு கண்ணில் படுவது அரிது.

யூனி முடிச்சை அமெரிக்கத் தூண்டில் எழுத்தாளர் விக் டனவே பரவலாக்கினார். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இதைக் கிரின்னர் என்பார்கள். அடிப்படையில் இது நம் ஊர்ச் சுருக்கு முடிச்சுக்கு உறவுதான். கண்ணில் நுழைத்த நுனியைத் தாய் நரம்போடு இணையாகக் கொஞ்ச தூரம் கொண்டுவந்து, பின்னோக்கி மடித்து ஒரு கண்ணியாக்கி, அந்தக் கண்ணிக்குள்ளாக இரண்டு நரம்புகளையும் சேர்த்து நான்கு முதல் ஆறு சுற்று சுற்ற வேண்டும். பின்னல் நரம்பானால் எட்டுச் சுற்று வரை போகலாம். நுனியை இழுத்தால் சுற்றுகள் சிறு உருளையாகத் திரளும். பிறகு தாய் நரம்பை இழுத்தால் உருளை நழுவிச் சென்று கண்ணில் அமரும்.

இந்த இரண்டு கட்டம்தான் யூனியின் பெருமை. உருளை திரண்ட பின், அது கண்ணில் அமர்வதற்கு முன், ஒரு கணம் நிறுத்திக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்க்கலாம். சுற்றுகள் சீராக இருந்தால் நகம் வழுக்கிப் போகும். ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியிருந்தால் நகம் தட்டும். வெளிச்சமே வேண்டியதில்லை. தவறு தெரிந்தால் நுனியைத் தளர்த்தி மீண்டும் சுற்றலாம், நரம்பும் வீணாகாது. நைலான், ஃப்ளூரோகார்பன், பின்னல் என எதிலும் ஒரே கைப்பழக்கம் போதும். இரண்டு யூனிகளை எதிரெதிராகக் கட்டினால் பின்னல் நரம்பையும் லீடரையும் இணைத்துவிடலாம். உச்ச வலிமையைப் பார்த்தால், பின்னல் நரம்பில் நன்றாகக் கட்டிய பலோமாரை நான் முன்னே வைப்பேன். ஆயினும் என் கை முதலில் போவது யூனிக்குத்தான். பழகிய கைக்கு அரை நிமிடம் தாராளம்.

லூர் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. மேலே சொன்ன மூன்றும் கண்ணை இறுக்கிப் பிடிப்பவை. மூக்கில் இறுகக் கட்டிய சிறிய லூர், தடித்த லீடரின் விறைப்புக்கு அடங்கி, மரக்கட்டையைப் போல வரும். இரையாக வைத்த உயிர் இறாலுக்கும் இதே துன்பம்தான். இதற்குத் தேவை இறுகாத கண்ணி. அமெரிக்க மீன்பிடிக் கலைஞர் லெஃப்டி கிரே பரப்பிய வழுக்காத லூப் முடிச்சில், முதலில் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சைப் போட்டுக்கொண்டு, நுனியை லூரின் கண்ணில் விட்டு, வெளியே வந்த பக்கமாகவே அந்த முடிச்சுக்குள் திருப்பி நுழைத்து, தாய் நரம்பின்மேல் சுற்றி, இம்முறை வெளியே வந்த பக்கமாகவே மீண்டும் முடிச்சுக்குள் விட வேண்டும். பத்து பவுண்டு போன்ற மெல்லிய நரம்புக்கு ஐந்தாறு சுற்று, இருபது முதல் நாற்பது பவுண்டுக்கு நான்கு, அதற்கு மேல் மூன்றோ இரண்டோ போதும்.

மனத்தில் ஏற நேரம் எடுக்கும் முடிச்சு இது, ஒப்புக்கொள்கிறேன். கண்ணியின் அளவைச் சரியாக வைக்கவே எனக்குப் பல மாலைகள் ஆயின. தொடக்கத்தில் என் கண்ணிகள் காதில் மாட்டும் வளையம் அளவுக்கு இருந்தன. ஆனால் தவறைக் காட்டுவதில் இது யூனிக்குச் சளைத்ததல்ல. நுனி தவறான பக்கமாக நுழைந்தால் கண்ணி கோணிக்கொண்டு நிற்கும். லூரை மாற்ற கிளிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வேண்டியதில்லை, கிளிப்பே லூருக்கு ஆடும் இடம் தந்துவிடும். அவர்கள் கிளிப்பை யூனியால் கட்டினால் போதும். யூனியையே முழுவதும் இறுக்காமல் சிறு கண்ணி விட்டு வைக்கலாம் என்பாரும் உண்டு. பெரிய மீன் இழுத்ததும் அது நழுவி இறுகிவிடும் என்பதால், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் திரும்பக் கட்ட வேண்டிவரும்.

எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைக்காவிட்டால், உராய்வின் சூடு நைலானையும் ஃப்ளூரோகார்பனையும் பலவீனமாக்கிவிடும். நனைத்த பின்னும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது; மெதுவாக, தொடர்ச்சியாக இழுக்க வேண்டும். நான் சொன்னதை நம்பத் தேவையில்லை. ஒரு முழ நரம்பின் ஒரு முனையில் ஒரு முள்ளை யூனியாலும், மறு முனையில் அதே அளவு முள்ளை உங்களுக்குப் பிடித்த முடிச்சாலும் கட்டி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு இரண்டு குறடுகளால் எதிரெதிராக இழுங்கள். முதலில் போவது எந்தப் பக்கம் என்று பாருங்கள், போன பக்கத்து நுனி நேராக இருக்கிறதா சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிய முடிச்சுகளோடு அதையே இன்னொரு முறை செய்யுங்கள். என் வீட்டுச் சமையலறையில் கிளின்ச்சைக் கைவிட வைத்தது அந்த இரண்டாவது சுற்றுதான்.