ஜி.பி. ரோடு லோயர் ஆர்ம் புஷ்: கம்பெனி ரப்பரா, லோக்கலா, பாலியூரித்தேனா?

ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால், ஷாக் அப்சார்பருக்குச் செலவு செய்வதற்கு முன் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்த்துவிடுங்கள். சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் கைதான் லோயர் ஆர்ம். அந்தக் கையை மாட்டும் இடத்தில், இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பர் வைத்து வரும் உருளைதான் புஷ். சமதளத்தில் காரை ஒருவர் ஓரடி முன்னே, ஓரடி பின்னே நகர்த்திச் சட்டென்று பிரேக் பிடிக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று சக்கரத்தைக் கவனிக்கட்டும். மட்கார்டுக்குள் சக்கரம் முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் ஆர்மின் பின் புஷ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பேசுவது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக வரும் அமைப்பு) எல் வடிவ ஆர்மும் உள்ள சின்ன கார்களைப் பற்றி. ஒரு ஆர்முக்கு இரண்டு புஷ். முன் புஷ் ஏறக்குறைய சக்கர அச்சுக்கு நேராக இருக்கும். வளைவில் வரும் பக்கவாட்டு விசையைத் தாங்குவது அதன் வேலை. பின் புஷ் பெரியது. அதன் ரப்பரில் வேண்டுமென்றே இடைவெளி விட்டு வார்த்திருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் மோதும்போது துளி பின்வாங்க இடம் கொடுப்பது அந்த இடைவெளிதான். அதைக் காட்டி ‘கிழிந்துபோச்சு சார்’ என்று சொல்பவர்களும் உண்டு. ஓரம் வழவழப்பாக இருந்தால் அது வார்ப்பிலேயே வந்தது. பிசிறாக இருந்தால்தான் கிழிசல். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு மட்டும் தெரிந்தால் மாற்ற அவசரம் இல்லை. ரப்பர் இரும்பை விட்டு விலகியிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

சென்னையில் கார் பார்ட்ஸ் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில், அதாவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் மூன்று வகை எடுத்துப்போடுவார்கள். கார் கம்பெனியின் ஒரிஜினல் ரப்பர் புஷ்தான் எங்கள் முதல் தேர்வு. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடும் காருக்கு வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அதில் காசு கொடுத்து வாங்குவது ரப்பரை மட்டும் அல்ல, ரப்பருக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே உள்ள ஒட்டுதலையும்தான். புஷ் வேலை செய்வது ரப்பர் முறுக்கிக்கொள்வதால். உள்ளே எதுவும் உருண்டு சுழல்வதில்லை. ஒட்டுதல் விட்டால் ரப்பர் குழாய்மேல் வழுக்கித் தேய ஆரம்பிக்கும், சத்தமும் அங்கிருந்துதான்.

பெயர் தெரியாத லோக்கல் புஷ்ஷில் வரும் குறை பெரும்பாலும் அந்த ஒட்டுதலில்தான். எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கவுன்டரிலேயே சோதிக்காமல் வாங்காதீர்கள். பழைய புஷ்ஷையும் விட்டம், நீளம் அளக்கும் ஒரு வெர்னியரையும் கொண்டுபோங்கள். வெளி விட்டம், உள் விட்டம், இரண்டு குழாய்களின் நீளம் ஆகிய நான்கு அளவும் ஒத்துப்போக வேண்டும். முன் புஷ்ஷில் உள் குழாய் வெளிக் குழாயைவிடச் சற்று நீளமாக இருக்கும். போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட் கவ்விப் பிடிக்க வேண்டியது உள் குழாயைத்தான். நீளம் குறைந்தால் பிராக்கெட் வெளிக் குழாயில் உரசும். ரப்பரும் இரும்பும் சேரும் விளிம்பில் நகத்தை வைத்து அழுத்துங்கள், பிரிந்து இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆர்முக்குள் கையாலோ இரண்டு தட்டிலோ போய்விடும் புஷ்ஷும் வேண்டாம். பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரம் இல்லாமல் ஏறுவது, பிரஸ் இல்லாமலே வெளியே வரும்.

பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள் ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெய்க்கும் அசையாது. முன் புஷ்ஷுக்கு மட்டும் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாவது உண்மைதான். பின் புஷ்ஷுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பல கார்களில் அந்த புஷ் செங்குத்தாக நிற்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது புஷ் சாய்ந்து கொடுக்க வேண்டும். கெட்டியான பொருள் அங்கே முரண்டு பிடிக்கும், பள்ளத்தின் அடி முழுசாக, ஆர்மைத் தாங்கும் சப்ஃபிரேமுக்குப் போகும். பாலியூரித்தேனுக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவியே ஆக வேண்டும். மழைத் தண்ணீர் அதைக் கழுவிவிட்டால் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்ட வேண்டிய வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களுக்கு இது வருடாந்தர வேலையாகிவிடும்.

புஷ் மட்டும் மாற்றுவதா, முழு ஆர்மாக மாற்றுவதா? ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும் கார்களில், அதிலும் ஆட்டம் இருந்தால் முழு ஆர்மே லாபம். பிரஸ் கூலி மிச்சம், ஆர்ம் நெளியும் பயமும் இல்லை. பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய பழைய ஆர்ம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விபத்தில் வளைந்ததா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், ரப்பரின் வயதும் தெரியாது.

இனி மாட்டும் வேலை. எந்த புஷ் வாங்கினாலும் இதில்தான் அதன் ஆயுள் தீர்மானமாகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு புஷ், புது லாக் நட்டுகள், 17, 19 ரிங் ஸ்பேனர்கள், குறித்த இறுக்கத்துக்கு (டார்க்) முறுக்கும் டார்க் ரெஞ்ச், இரண்டு ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்குங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் கம்பி ஆர்மை இழுத்துப் பிடித்து போல்ட்டை விடாது. கடலோரம் ஈசிஆர் பக்கம் நிற்கும் கார்களில் போல்ட் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஆர்மில் மாட்டப்போகும் புது ரப்பரில் அது படக் கூடாது.

பழைய புஷ்ஷைத் தள்ளும் முன், அதன் இடைவெளி எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஆர்மில் குறித்துக்கொள்ளுங்கள். பின் புஷ் திரும்பி உட்கார்ந்தால் பிரேக்கில் சக்கரம் நகரும் தன்மையே மாறிவிடும். பிரஸ்ஸின் அழுத்தம் வெளிக் குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். நடுவில் தள்ளினால் புது ரப்பர் அங்கேயே கிழியும். ஆர்முக்கு அடியில் சரியான அளவுக் குழாய்த்துண்டு வைத்துத் தாங்காவிட்டால் தகட்டு ஆர்ம் நெளியும். வழுக்க வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் போதும், என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம்.

பிறகு பட்டறைகளில் அடிக்கடி தவறவிடும் படி. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை விரலிறுக்கமாக மட்டும் போடுங்கள். காரைக் கீழே இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்தி விட்டு, எடை சக்கரத்தில் நிற்கும்போது பிட்டில் இறங்கி, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு முறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே முறுக்கினால் கார் கீழே இறங்கியதும் ரப்பர் நாள் முழுதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். கம்பெனி புஷ் போட்டும் நிற்கவில்லை என்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். பல சின்ன கார்களில் டோ, அதாவது சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு மட்டும்தான் சரிசெய்ய முடியும். சக்கரத்தின் சாய்வான கேம்பர் இடம் வலம் பெரிதாக வேறுபட்டால் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும்போதே சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையான பூட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் தெறிக்கும் கிரீஸ் நேராகப் புது புஷ்ஷில்தான் விழும், ரப்பர் ஊறி உப்பிவிடும்.