மூன்று சுழி 'ண' தெரிய எந்த போர்டு வாங்குவது?

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "சுவத்துல தமிழ் வாசகம் ஓடுற எல்இடி பலகை செய்யப் போறேன். எந்த போர்டு வாங்கலாம்?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இதே வேலைக்கு, அதாவது அந்தப் பலகையை இயக்க, ஆறு வருடமாக இரண்டு குட்டிக் கணினிப் போர்டுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் ஒரு வரியில் விட மனசு வரவில்லை.

என் பலகை 16 புள்ளி உயரம், 64 புள்ளி அகலம். எல்இடிகளை ஏற்றி அணைக்கும் மேக்ஸ்7219 சில்லு வைத்த எட்டுக்கு எட்டு மாட்யூல் பதினாறு, மொத்தம் 1,024 எல்இடி. வீட்டில் யார் வேண்டுமானாலும் போனிலிருந்து ஒரு வரி அனுப்பலாம், அது ஓடும். ஆரம்பத்தில் எட்டு வரிசையோடு நிறுத்தியிருந்தேன். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். தமிழில் மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒரே திட்டாகத் தெரிந்தன. 'மணம்' எது, 'மனம்' எது என்று பிரிக்க முடியவில்லை. பதினாறு வரிசை வைத்த பிறகுதான் சுழிகளை எண்ண முடிந்தது.

முதல் மூன்று வருடம் ஓடியது உள்ளங்கையளவு லினக்ஸ் போர்டு ஒன்று. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, நான் சொல்லப்போவது மெமரி கார்டிலிருந்து எழும் (பூட் ஆகும்) எல்லா லினக்ஸ் போர்டுக்கும் பொருந்தும். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டது. யுனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, அப்புறம் ஒற்றைக்கொம்பு என்றுதான் சேமிப்பார்கள். கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். லினக்ஸில் இதையெல்லாம் எழுத்துகளை அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. பைத்தானில் பத்துப் பதினைந்து வரி, ஒரு நல்ல எழுத்துரு, வேலை முடிந்தது. பிழை வந்தால் நாற்காலியை விட்டு எழாமல் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க்கில் நுழையும் வழி) மூலம் உள்ளே போய்த் திருத்தலாம். அந்தச் சௌகரியத்துக்கு ஈடே இல்லை.

ஆனால் சுவரில் மாட்டிய பொருளை மனிதர்கள் சுவிட்சைத் தட்டித்தான் அணைப்பார்கள். தூங்கப் போகும்போது விளக்கை அணைக்கிற கை இதையும் அணைக்கும். முறையாக ஷட்டவுன் கொடுத்துவிட்டு அணை என்று வீட்டில் யாரிடம் சொல்வது, ஏன் சொல்ல வேண்டும்? மூன்று வருடத்தில் நான்கு கார்டு போனது. கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் பெரிய பெரிய கட்டங்களாக அழித்து எழுதுகிற வகை. அது உள்ளே தரவை இடம் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால், நாம் தொடாத கோப்புகூடக் கெட்டுப்போகும். ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு இறக்கி, புதுக் கார்டில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். நான்காவது தடவை வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இதற்கு வழியே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. கார்டைப் படிக்க மட்டும் திறந்து, எழுத வேண்டியதையெல்லாம் ராமில் வைத்துக்கொள்ளும் ஓவர்லே முறை இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு கார்டு போகவில்லை. ஆனால் அணைத்துப் போட்டால் வீட்டார் அனுப்பிய வரிகள் காணாமல் போயின. அவற்றுக்கென்று கார்டில் தனிப் பகுதி (பார்ட்டிஷன்), அதற்கென்று தனிக் கவனம்... ஒரு வரி வாசகம் காட்ட இவ்வளவு காவல் எதற்கு?

2022-இல் ராஸ்பெரி பை பைக்கோ டபிள்யூ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வந்தது. பிறகு அதற்கு மாறினேன். 264 கேபி ராம், 2 எம்பி ஃபிளாஷ், வைஃபை உண்டு, இயங்குதளம் கிடையாது. பட்டனை அழுத்திக்கொண்டே கணினியில் செருகினால் பென் டிரைவ் போல வரும், நிரல் அடங்கிய யுஎஃப்2 கோப்பை இழுத்துப் போட்டால் மைக்ரோபைத்தான் (சின்ன போர்டுகளுக்கான பைத்தான்) தயார். அதன் கோப்பு முறைமையான லிட்டில்எஃப்எஸ், நடுவில் மின்சாரம் போனாலும் தாங்கும்படியே வடிவமைக்கப்பட்டது. மூன்று வருடமாக ராத்திரி ராத்திரி சுவிட்சை அணைக்கிறார்கள். காலையில் போட்டதும் பழைய வரி அப்படியே ஓடுகிறது.

தமிழை மட்டும் நானே வரைய வேண்டியிருந்தது. 247 எழுத்தா என்று முதலில் மலைத்தேன். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு. உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் 13. அகர வரிசை 18. உகர, ஊகார வரிசைகள் மட்டும் ஒவ்வொன்றும் தனி உருவம், அவை 36. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, மேல்விலங்கு, மேல்விலங்குச் சுழி என்று 6. டி, டீ இரண்டும் ஒட்டி வருவதால் 2. கிரந்தத்துக்கும் அதன் உகரக் குறிகளுக்குமாக 8. மொத்தம் 83 படங்கள்! புள்ளியை நிரலே மேலே வைத்துவிடும். 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால், அவ்வளவுதான். ஒரு படத்துக்கு 16 வரிசை, 24 நெடுவரிசை என்று தாராளமாக ஒதுக்கினாலும் 48 பைட். எல்லாம் சேர்த்து 3,984 பைட். நாம் சின்ன வயதில் எழுதப் பழகிய அத்தனையும் நான்காயிரம் பைட்டுக்குள் அடங்கிவிட்டது என்று பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாள் பிடித்தது, மறைக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து வரைந்து, ஐந்து வார இறுதிகள். 'ணூ'வுக்கு 24 நெடுவரிசையும் தேவைப்பட்டது. ஒரு நாள் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிய வரியில் 'கொ' மட்டும் சிதைந்து வந்தது. யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றினேன்.

இன்னொன்று, நண்பனுக்கு இதை அழுத்திச் சொன்னேன். பைக்கோவின் பின்களில் வருவது 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்7219, 'ஒன்று' என்று ஏற்க 3.5 வோல்ட்டாவது கேட்கிறது என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. மேஜையில் ஓடும். சுவரில் மாட்டி ஒயரை நீட்டியதும் எழுத்து நடுங்கும். நடுவில் 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக ஏற்றித் தரும் 74ஏஹெச்சிடி125 சில்லு ஒன்றை வைத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

வரி வரியாக ஒப்பிட்டால் லினக்ஸ் போர்டுதான் ஜெயிக்கும். எழுத்துரு மாற்றலாம், படம் காட்டலாம், தூரத்திலிருந்து திருத்தலாம், முதல் நாளே பலன். இருந்தாலும் நண்பனிடம் வாங்காதே என்றேன். சுவிட்சைத் தட்டி அணைக்கிற இடத்தில் இருக்கப்போகிற எதற்கும் நான் இனி அதைச் சொல்ல மாட்டேன். என் பழைய போர்டு இப்போது யாரும் அணைக்காத ஒரு மூலையில், எஸ்எஸ்டியிலிருந்து எழுந்து, வீட்டுக் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே அதன் மேல் ஒரு குறையும் இல்லை.

83 படங்களின் கோப்பையும் அவனுக்கு அனுப்பிவிட்டேன். 'ஞ'வின் கீழ்ச் சுழி மட்டும் எனக்கு இன்னும் திருப்தியில்லை. அவன் நன்றாக வரைந்து அனுப்பினால் என் பலகையிலும் அதையே போட்டுக்கொள்வேன்.