‘இன்னிக்கே மீன் உடலாம் சார்’: மாடியில் அக்வாபோனிக்ஸ் போடப் போகிறவர்களுக்கு

வேலூர், காட்பாடி பக்கம் வீட்டு மாடியில் அக்வாபோனிக்ஸ் போடலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு மாட்டிக்கொடுத்தவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் பேசிய பேச்சை எழுதுகிறேன். அதே பேச்சை வேறு ஆள் வந்து பேசினாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

நான் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார். கீழே தொட்டியில் மீன், மேலே ஜல்லியில் கீரை, மண்ணே கிடையாது. மீன் கழிவு செடிக்கு உரம், செடி வடிகட்டின தண்ணீர் மறுபடி மீனுக்கு. பார்த்ததும் பிடித்துவிட்டது. விசாரித்ததில் ஒரு தம்பி கிடைத்தார். வீட்டுக்கே வந்து அளவெடுத்தார், கையால் எழுதின கொட்டேஷன் கொடுத்தார். 500 லிட்டர் டேங்க் ஒன்று, நீலப் பேரல்களை நெடுக்காக அறுத்து நாலு படுகை, இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு, மோட்டார், ஏர் பம்ப், பைப், கல், ஜிலேபி மீன் குஞ்சு 60, ‘பாக்டீரியா’ ஒரு பாட்டில். மொத்தம் 34,500 ரூபாய். பில் கேட்டதற்கு, “பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும் சார், உங்க இஷ்டம்” என்றார். நானும் விட்டுவிட்டேன். முதல் தப்பு என்னுடையது.

பங்குனி ஆரம்பம். காலையில் வந்தார்கள், மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பைப் ஒழுகவில்லை. படுகை நிரம்பினதும் தண்ணீரைத் தானாகவே இழுத்து வடிக்கிற பெல் சைஃபன் முதல் தடவையே கடகடவென்று இழுத்தது. வெள்ளை வெளேரென்று மார்பிள் சிப்ஸ் போட்டிருந்தார்கள், பார்க்க நகைக்கடை மாதிரி இருந்தது. போர் தண்ணீரை நிரப்பி, பாட்டிலை ஊற்றி, குஞ்சு இருந்த கவரை மிதக்கவிட்டார்.

“இன்னிக்கேவா தம்பி மீன் விடறது?” என்று கேட்டேன்.

“இன்னிக்கே உடலாம் சார். தண்ணி கீது, காத்து கீது, பாக்டீரியா ஊத்தியாச்சு. வேற இன்னா சார் வேணும்?”

வேறு என்ன வேண்டும் என்பது எனக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்தது. போன் செய்தேன். “பாக்டீரியா வளர்து சார், நல்லதுதான். கொஞ்சம் வெல்லம் கரைச்சு ஊத்துங்க, இன்னும் ஸ்பீடாவும்.” கால் கிலோ வெல்லம் ஊற்றினேன். மறுநாள் விடியற்காலை மாடிக்குப் போனால் மீனெல்லாம் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பதினான்கு செத்து மிதந்தது. “புது இடம் சார், பழகினா சரியாய்டும்” என்றார். பாதித் தண்ணீரை மாற்றினேன். கொஞ்சம் அடங்கியது மாதிரி தெரிந்தது. தீனி இரண்டு வேளையும் போடச் சொன்னார், போட்டேன். பாலக் நாற்றும் புதினாவும் வெளிறி மஞ்சளடித்தன. அதற்கு ஒரு யோசனை சொன்னார்: “ஒரு பிடி யூரியா தூவுங்க சார்.” ராத்திரி நேரம், வீட்டில் யூரியா இல்லை, அதனால் போடவில்லை. அந்த ஒன்றில்தான் தப்பித்தேன்.

பதினெட்டாம் நாள் வாக்கில் மறுபடி சாவு. இந்த முறை தண்ணீர் தெளிந்துதான் இருந்தது, ஏர் பம்பும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் ஒரே நாளில் ஏழு, மறுநாள் ஒன்பது. செத்த மீன் ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார். மீன் வாங்கும்போது செவுளைப் பார்த்துப் பழகிய கை. “ஏங்க, இது செகப்பா இல்லியே. காப்பித் தூள் கலர்ல இருக்கு” என்றார். இப்போதுதான் செத்த மீன், செவுள் மட்டும் டிகாஷன் நிறம்.

அந்த மீனை ஒரு கவரில் போட்டு, பாட்டிலில் தண்ணீரும் பிடித்துக்கொண்டு, வேலூர் டவுனில் கலர் மீன் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். அவருக்கும் எனக்கும் முன்பின் பழக்கமில்லை. மீனைப் பார்த்ததுமே கேட்டார்: “தொட்டி போட்டு எத்தினி நாளாச்சு சார்?” மூன்று வாரம் ஆகவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே டெஸ்ட் கிட்டை எடுத்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர், அதில் சொட்டு மருந்து. அமோனியாவுக்கு மஞ்சளாகவே இருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம், என்னுடையது பச்சை. நைட்ரைட்டுக்கு வெளிர் நீலமாக இருக்க வேண்டும். என்னுடையது நாவற்பழச் சாறு. பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு (7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்), 8.2.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன், ஏனென்றால் காசு போனது இதைத் தெரிந்துகொள்ளாததால்தான். மீன் செவுள் வழியாக அமோனியாவை விடுகிறது. அது மீனுக்கே விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் விஷம். மீன் ரத்தத்தில் ஏறி ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும், செவுள் பழுப்பாவது அதனால்தான். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். பிறகு இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். செடிக்கு வேண்டியது இந்த நைட்ரேட்தான், மீனுக்கும் இதனால் பெரிய தொல்லை இல்லை. இந்த இரண்டு கூட்டமும் கல்லில் ஒட்டிக் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். இது முடியாத தொட்டி வெறும் பிளாஸ்டிக் பீப்பாய். எனக்கு விற்றது அதைத்தான், 60 மீனோடு.

அந்தப் பாட்டிலையும் கொண்டுபோயிருந்தேன். பாய் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். புளித்த கள் வாசனை. நமக்கு வேண்டிய பாக்டீரியா வெல்லம் தின்னாது சார், அதற்குத் தீனி அமோனியாவும் காற்றும் என்றார். பாட்டிலில் இருந்தது வயலுக்குத் தெளிக்கிற, வெல்லத்தில் வளர்க்கிற இஎம் (நுண்ணுயிர்) கரைசல் மாதிரி ஏதோ ஒன்று. வெல்லம் ஊற்றினதும் வேறு பாக்டீரியா கொழுத்து, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைக் குடித்துவிட்டது. முதல் பதினான்கு மீன் போனது என் கையாலேயே. யூரியாவைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், தண்ணீரில் போட்டால் அமோனியாவாகத்தான் மாறும். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தாலும், 500 லிட்டரில் லிட்டருக்கு 46 மில்லிகிராம். 2 மில்லிகிராமுக்கே மீன் திணறும்.

அடுத்தது கல். வீட்டில் போய் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள் என்றார். பிழிந்தேன். சிப்ஸ் மேல் சொய்யென்று சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் பொங்கியது. மார்பிள் என்பது சுண்ணாம்புக்கல் வகை, அது பிஎச்சை மேலேயே தூக்கிவைத்துக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு கேடு. இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது, இலை மஞ்சளாகும். அமோனியாவும் மேல் பிஎச்சில்தான் கடுமையாக வேலை செய்யும்: 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7-க்கும் 8.2-க்கும் நடுவில் விஷப்பகுதி பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. நம் ஊர்ப் பங்குனி சித்திரையில் மாடித் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே எங்கே இருக்கிறது? இத்தனைக்கும் சுற்றிப் பார்த்தால் கருங்கல் மலை. எலுமிச்சைக்கு அசையாத கருங்கல் ஜல்லி கிடைக்கிற ஊரில் எனக்கு மார்பிளைக் கொட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். அப்போது அவர் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

“உங்க தண்ணி சரியில்ல சார். பாலாத்து ஊத்து, தோல் ஷாப்பு கெமிக்கல் எறங்கிருக்கும். அதுக்கு நான் இன்னா பண்றது?”

வேலூர்க்காரனிடம் இதைச் சொன்னால் வாயடைத்துவிடும் என்று தெரிந்தே சொல்கிறார். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை நாசம் செய்தது பொய்யில்லை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம். மாசு செய்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிணறு கெட்டுப்போய் நிலத்தை விட்டவர்களை எனக்கு நேரிலேயே தெரியும். அவர்கள் பட்ட பாட்டை எடுத்துத் தன் மார்பிள் கல்லுக்குப் போர்வையாகப் போர்த்துகிறாரே என்று ஆத்திரம் வந்தது. ஏனென்றால் அதே போர் தண்ணீரில் எங்கள் கீழ் போர்ஷன் பையன் இரண்டு வருஷமாகச் சிமெண்டுத் தொட்டியில் கப்பி மீன் வளர்க்கிறான். அது குட்டி போட்டுக் குட்டி போட்டுத் தெருவுக்கே கொடுத்தாயிற்று. இருந்தாலும் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 420 மில்லிகிராம் என்று வந்தது. கடுமையான தண்ணீர்தான், ஆனால் ஜிலேபி மீன் தாங்கும். ஏரியில், குட்டையில், சாக்கடை ஓரத்தில்கூட வாழ்கிற மீன் அது. அதையே சாகடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாய்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். 1,000 லிட்டருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் வீட்டு அமைப்பு தாங்காது. என் 500 லிட்டருக்குப் பத்து கிலோ. அரைக் கிலோ மீன் என்றால் இருபது. அறுபது கொடுத்தது குஞ்சு விற்ற காசுக்காக.

எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் அரை டன், கல் 24 மூட்டை, இரும்பு, ஈர எடை எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல். அதைத் தளத்தின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தார்கள். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, பீம் ஓரமாக நகர்த்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவு தொடர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த ஏழு மீனைப் பாய் தன் தொட்டியில் வைத்துக்கொண்டார், காசு வாங்கவில்லை. (உடனே மீனை மாற்ற வழியில்லாதவர்கள் தீனியை நிறுத்தி, பாதித் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கரைத்தால் நைட்ரைட் மீன் உடம்பில் ஏறுவது குறையும் என்றார்.) மார்பிளை அள்ளிவிட்டு, கழுவின முக்கால் இஞ்சு கருங்கல் ஜல்லி போட்டேன். மீன் இல்லாமல் சைக்கிளிங். அதற்கு அமோனியா வேண்டுமே, அதற்குப் போட்டது நவச்சாரம்: பித்தளைக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கிற அதே அமோனியம் குளோரைடு. கலப்படமில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். 500 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் அமோனியா ஏறக்குறைய லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு வரும். பாய் தன் பழைய தொட்டி ஸ்பாஞ்சை என் படுகையில் பிழிந்துவிட்டார். புளித்த பாட்டில் செய்யாததை அந்த அழுக்குத் தண்ணீர் செய்தது.

ஒன்பதாம் நாள் நைட்ரைட் தெரிய ஆரம்பித்தது. பதினைந்துக்குள் அமோனியா இறங்கியது. அப்புறம் நைட்ரைட் மட்டும் நாவற்பழ நிறத்திலேயே நின்றுகொண்டது, பதினைந்து நாளுக்கு மேல். இந்த இடத்தில்தான் பொறுமை போகும். நான் தினமும் காலையில் காப்பியும் குழாயுமாக மாடியில் உட்கார்ந்திருப்பேன், “நர்ஸ் வேலைக்குப் போயிருக்கலாம்” என்பார் வீட்டுக்காரம்மா. 34-ம் நாள் நீலமாயிற்று. மறுபடி 3 கிராம் போட்டுப் பார்த்தேன். 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் காணாமல் போயிருந்தன. அதற்கப்புறம்தான் மீன், இருபதே இருபது. இப்போது பிஎச் 7-ஐ ஒட்டி நிற்கிறது. புதினா வெட்ட வெட்ட வருகிறது.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பில் இல்லை, ஆனால் ஜிபே கணக்கும், வெல்லம் யூரியா எல்லாம் அவர் வாயாலேயே சொன்ன வாட்ஸ்அப் வாய்ஸும் இருந்தன. அழித்துவிடாமல் வைத்திருந்தேன். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போகலாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். அதை அந்தத் தம்பியிடமும் சொன்னேன். ஒரு வாரத்தில் 8,000 அனுப்பினார், கூடவே “மன உளைச்சல் குடுக்காதீங்க சார்” என்று ஒரு மெசேஜ். மீதிக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

24 மூட்டை மார்பிள் சிப்ஸ் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. வாசலில், செடித் தொட்டியைச் சுற்றிக் கொட்ட யாருக்காவது வேண்டுமென்றால் வண்டி கொண்டுவந்து எடுத்துப்போங்கள், காசு வேண்டாம். மீன் தொட்டிக்கு என்றால் தரமாட்டேன்.