சிஸ்டருக்கு ஐந்து, ஏஜென்சிக்கு ஒன்று

வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி எப்படி என்று பெங்களூரு அல்சூரில் இருக்கும் தோழி கேட்டாள். எங்கள் அனுபவம் 2021 மே மாதத்தில். பெயர் வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு கொரோனா. ஆஸ்பத்திரிப் படுக்கை கேட்கத் தேவையான பி.யூ. நம்பர் (பெங்களூரில் கொரோனா நோயாளிக்குத் தந்த எண்) வந்தது, படுக்கை வரவில்லை. அதனால் வீட்டுக்கே நர்ஸ். பன்னிரண்டு மணி நேர டூட்டிக்கு 2,500 ரூபாய், பிபிஇ கிட்டுக்குத் தனி பில். அந்த நேரத்தில் யாரிடம் பேரம் பேசுவது?

முதலில் வந்த சிஸ்டருக்கு ஊர் தக்கலை. இரண்டாம் நாள் இரவு அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. "ஓடி வாங்க சிஸ்டர்" என்று கத்தினேன். அவர் கை கழுவி, மாஸ்க்கை அழுத்திச் சரிபார்த்து, கையுறை மாட்டி, அப்புறம்தான் உள்ளே போனார். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். போனவர் அம்மாவைக் குப்புறத் திருப்பி, கழுத்துக்கு ஒன்று, நெஞ்சிலிருந்து தொடைவரை இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு எனத் தலையணை கொடுத்தார். 89 காட்டிய ஆக்சிஜன் மீட்டர் அரை மணியில் 93.

"நான் படுத்துட்டா அடுத்த வீட்டுக்கு யாரு போவாக்கா?" என்றார் காலையில். கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் இருப்பதே வீரம் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை பி.ஏ.வில் பத்து மார்க்குக்கு எழுதியவள் நான். அது கையுறை மாட்டிக்கொண்டு வரும் என்று தெரியாமல் போச்சு.

நாலாம் நாள் சொல்லாமல் ஆளை மாற்றினார்கள். புது நர்ஸ் பேச்சு தேன். சார்ட்டில் ராத்திரி முழுக்க 96, 96, 96. ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து. விடிகாலை நானே மீட்டர் வைத்தேன், 91. ஏஜென்சிக்குப் போன் செய்தால், "சார்ட் சரியாத்தானே இருக்கு மேடம்?" அந்தப் பெண் பகல் ஷிஃப்ட்டை வேறு வீட்டில் முடித்த கையோடு வந்தவள் என்று பிறகு தெரிந்தது. தப்பு தப்புதான், ஆனால் அவள் மேலிருந்த பாதிக் கோபம் ஏஜென்சி பக்கம் போய்விட்டது.

சண்டை போட்டுப் பழைய சிஸ்டரை வரவழைத்தோம். வந்ததும், "இனிமே வீட்டுல வச்சுக்கக் கூடாதுக்கா, எப்படியாவது பெட் பாருங்க" என்றார். அன்றோடு அவருக்கு எங்கள் வீட்டு டூட்டி போய்விடும். அம்மா பதினோரு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தார்.

சிஸ்டருக்கு ஐந்து நட்சத்திரம், ஏஜென்சிக்கு ஒன்று. கூட்டி வகுத்து மூன்று போட்டிருக்கிறேன். ஆள் எடுத்தால், ராத்திரி மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து சார்ட்டைப் பாருங்கள். ஆறு மணிக் கட்டம் அப்போதே நிரம்பியிருந்தால் உடனே போன் போடுங்கள்.