ஒரு சிவப்புப் பெட்டியும் இரண்டு கண்ணாடிகளும்

படத்தை ஆழத்தோடு, முப்பரிமாணத்தில் காட்டும் கேம் கருவியான நின்டெண்டோவின் விர்ச்சுவல் பாய் 1995 ஜூலையில் ஜப்பானில் வந்தது, ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விற்றது ஏறக்குறைய 7,70,000. கேம்கள் மொத்தமே 22. "எல்லாம் சிவப்பாகத் தெரியும், தலை வலிக்கும்" என்பதோடு அதன் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்பே இதே வித்தையை முயன்ற இரண்டு கருவிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படத்தின் தரத்தில் விர்ச்சுவல் பாய்தான் முன்னால் நிற்கிறது.

வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்குச் சற்றே விலகிய இன்னொரு படம். ஒன்று மற்றதில் கலக்கக் கூடாது. சிக்கல் இவ்வளவுதான். வெக்ட்ரெக்ஸ் என்பது சொந்தத் திரையோடு வந்த கேம் கருவி; 1984இல் அதற்கு வந்த த்ரீடி இமேஜர் என்ற மாட்டும் கண்ணாடி இதை மோட்டாரால் சமாளித்தது. கண்ணாடிக்குள் ஒரு வட்டத் தட்டு சுழலும். அதில் பாதி கறுப்பு, மீதி வண்ணப் பட்டைகள். கறுப்புப் பகுதி ஒரு கண்ணை மறைக்கும்போது மற்றக் கண் பார்க்கும். கறுப்பு வெள்ளைத் திரைக்கு இதனாலேயே வண்ணமும் கிடைத்தது! மூன்றில் எனக்கு மிகப் பிடித்த மூளை இதுதான். பாவம், வெக்ட்ரெக்ஸே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

1987இல் தன் மாஸ்டர் சிஸ்டம் கேம் கருவிக்கு சேகா தந்த கண்ணாடியில் சுழலும் பாகம் கிடையாது. திரவப் படிக ஷட்டர்கள் மாறி மாறித் திறந்து மூடும். டிவி நொடிக்கு 60 படம் காட்டினால், ஒரு கண்ணுக்கு 30தான் போய்ச் சேரும். விளைவு, கண்ணைக் கூசவைக்கும் துடிப்பு. மற்றபடி லேசானது, வண்ணம் முழுசாக உண்டு. மிசைல் டிஃபென்ஸ் த்ரீடி கேம் விளையாட இந்தக் கண்ணாடியோடு, திரையைக் குறிபார்த்துச் சுடும் லைட் கன்னும் வேண்டும்.

விர்ச்சுவல் பாய் இரண்டு கண்ணுக்கும் தனித்தனித் திரையே கொடுத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் 224 சிவப்பு எல்.இ.டி. ஒரே வரிசையாக நிற்கும்; வேகமாக ஆடும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று அந்த வரிசையை விரித்து 384 புள்ளி அகலப் படமாக்கும். கறுப்பு அசல் கறுப்பு. ஒரு கண்ணின் படம் மறுகண்ணுக்குக் கசியாது. வாரியோ லேண்ட் கேமில் நாயகன் வாரியோ முன்தளத்திலிருந்து பின்தளத்துக்குத் தாவும்போது அந்தத் தூரம் நிஜமாகவே தெரியும். சிவப்பு மலிவு, மின்சாரமும் குறைவாகத் தின்னும். அன்றைய நீல எல்.இ.டி. விலைக்கு வேறு வழியும் இல்லை.

அப்புறம் ஏன் கவிழ்ந்தது? மற்ற இரண்டும் துணைக்கருவிகள். அலுத்தால் கழற்றி வைத்துவிட்டு வேறு கேம் ஆடலாம். 179.95 டாலர் விர்ச்சுவல் பாயில் கழற்ற ஒன்றுமில்லை. மேஜைமேல் ஸ்டாண்டு, அதற்குள் முகம், குனிந்த கழுத்து. பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி கேமைத் தானே நிறுத்தும் வசதி வேறு. கடையில் நின்று பார்ப்பவரிடமோ டிவி விளம்பரத்திலோ ஆழத்தைக் காட்ட வழியில்லை. தெரிவதெல்லாம் சிவப்புக் கோடுகள்.

இன்று வாங்குவதானால்? சேகா கண்ணாடிக்குப் பழைய குழாய் டிவி வேண்டும். அந்தக் கண்ணாடி கார்டு துளையில்தான் செருகும்; அந்தத் துளை இல்லாத மாஸ்டர் சிஸ்டம் 2இல் பொருந்தாது. வெக்ட்ரெக்ஸ் இமேஜர் கிடைப்பதே அரிது. நான் விர்ச்சுவல் பாயைத்தான் எடுப்பேன். வாங்குமுன் இரண்டு கண்ணிலும் படம் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே ரிப்பன் கேபிளை ஒட்டிய பசை காய்ந்துபோனால் வரிகள் விடுபடும். சால்டரிங் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார்.