கணுக்களை நகர்த்தும் இரு வழிகள்: லாப்லாசியன் சீராக்கமும் உகப்பாக்கச் சீராக்கமும்

பாய்ம ஓட்டத்தையோ தகைவையோ கணிக்கும் உருவகப்படுத்தலில், வெளியைச் சிறு நான்முகிகளாகப் பிரிக்கும் வலையின் சில கூறுகள், அதாவது நான்முகிகள், தட்டையாகிப் போனாலே துல்லியம் கெடலாம். சமன்பாடுகளின் தீர்வும் மெதுவாகலாம். இணைப்புகளை மாற்றாமல் கணுக்களை (நான்முகிகளின் முனைகளை) மட்டும் நகர்த்தி இதைச் சரிசெய்யும் முறைகளில் இரண்டு பரவலானவை.

லாப்லாசியன் முறை ஒவ்வோர் உட்கணுவையும் அண்டைக் கணுக்களின் சராசரி இடத்துக்கு நகர்த்துகிறது. பழைய ஆயத்தொலைவுகளைக் கொண்டே புதியவற்றைக் கணக்கிட்டால் எல்லாக் கணுக்களையும் ஒருசேரக் கையாளலாம்; வலையைப் பல செயலிகளுக்குப் பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்து, சுற்றுதோறும் அவை தத்தம் பகுதியின் எல்லைக் கணுக்களைப் பரிமாறிக்கொண்டால் போதும். ஆயினும் இம்முறை கூறுகளின் தரத்தைப் பார்ப்பதே இல்லை. குழிவான பகுதிகளில் கூறுகள் புரண்டு எதிர்க் கனஅளவு பெறவும் கூடும்.

உகப்பாக்க முறையோ, கணுவைச் சுற்றியுள்ள கூறுகளுள் மிக மோசமானதன் தரத்தை, எடுத்துக்காட்டாக அதன் மிகச் சிறிய இருமுகக் கோணத்தை (இரு முகங்களுக்கு இடையிலான கோணத்தை), உயர்த்தும் இடத்தைத் தேடுவதால், ஒரு தனி நகர்வு நிலைமையை மோசமாக்குவதில்லை. ஆனால் அண்டைக் கணுக்கள் இரண்டு ஒரே நேரத்தில் நகர்ந்தால் இந்த உறுதி குலைகிறது. ஆகவே, ஒன்றுக்கொன்று அண்டையல்லாத கணுக்களை ‘நிறம்’ எனப்படும் குழுக்களாகப் பிரித்து, நிறம் நிறமாகச் செயலாக்க வேண்டியிருக்கிறது; ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் செயலிகள் ஒத்திசைய வேண்டும். கணிப்புச் செலவும் பன்மடங்கு.

முப்பரிமாண வலைக்கு லாப்லாசியனை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரம் குறையாதபோது மட்டும் நகர்வை ஏற்கும் லாப்லாசியனை முதலில் ஓட்டி, எஞ்சும் மோசமான கூறுகளுக்கு மட்டும் உகப்பாக்கத்தைப் பயன்படுத்துவதே சிக்கனமானது. அக்கூறுகள் ஒரே செயலியின் பகுதியில் குவிந்திருந்தால் மற்றவை வேலையின்றிக் காத்திருக்கும் என்பதால், பணிச்சுமையை மறுபகிர்வு செய்வதையும் திட்டமிட வேண்டும்.