கன்டோன்மென்ட் வாழ்க்கையில் மூன்று வகைப் பள்ளிகள்: ஏழு வருட அனுபவம்

என் கணவர் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தார். 2018-இல் பெங்களூரில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஐந்து முறை டிசி வாங்கிவிட்டேன். கேந்திரிய வித்யாலயா, ஆர்மி பப்ளிக் ஸ்கூல், கன்டோன்மென்ட் போர்டு பள்ளி மூன்றிலும் என் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். குவாட்டர்ஸுக்குப் புதிதாக வரும் பெண்கள் "அக்கா, எதுல சேர்க்கலாம்?" என்று கேட்கும்போது நான் சொல்வதுதான் இது. ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பேச்சு மட்டும்.

முதலில் கேந்திரிய வித்யாலயா, சுருக்கமாகக் கேவி. 1963-இல் ராணுவ ரெஜிமென்ட் பள்ளிகள் இருபதை மத்திய அரசு எடுத்துக்கொண்டதில் தொடங்கியதுதான் கேவி. ஊர் ஊராக மாற்றலாகிறவர்களின் பிள்ளைகளுக்காகவே வந்த பள்ளி. எட்டாம் வகுப்பு வரை டியூஷன் ஃபீஸ் கிடையாது. வித்யாலயா விகாஸ் நிதி என்று மாதம் 500 ரூபாய், மூன்றாம் வகுப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு 100 ரூபாய், அவ்வளவுதான். எங்கே போனாலும் அதே என்சிஇஆர்டி புத்தகம், அதே காலை பிரேயர், அதே சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் ஹவுஸ்கள். என் மகள் ஒரு ஊரில் பாதியில் விட்ட பாடத்தை அடுத்த ஊரில் அதே புத்தகத்தில் தொடர்ந்தாள். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம். எல்லாமே மாறிப்போன வாரத்தில் ஒரு குழந்தைக்கு அதுதான் பிடிமானம்.

குறை இல்லாமல் இல்லை. வகுப்பில் கூட்டம் அதிகம். சில ஊர்களில் காண்ட்ராக்ட் டீச்சர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள். வடக்கே ஒரு ஊரில் ஆகஸ்டில் போய் இறங்கினோம். சர்வீஸ் சர்டிபிகேட், டிசி எல்லாம் கையில் இருந்தும், "சீட் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று ஒரு மாதம் அலைய விட்டார்கள். மகள் தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு மாதத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கடைசியில் ஆர்மி பப்ளிக் ஸ்கூலில் சேர்த்தோம்.

பெயரைப் பார்த்து இதை அரசுப் பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். 1983-இல் தொடங்கிய ராணுவ நலக் கல்விச் சங்கம் நடத்துவது. ஃபீஸ் உண்டு, அதுவும் அப்பாவின் ரேங்கைப் பொறுத்து மாறும். கட்டியதில் பெரும்பகுதி அரசு தரும் பிள்ளைகள் கல்விப் படியாக வந்துவிடும் (இப்போது ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய்), ஆனால் அது பின்னால்தான் கைக்கு வரும். முதலில் நாம் கட்டியாக வேண்டும்.

அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்தது வேறு. முதல் வாரம் டீச்சர் மகளிடம் "பாப்பா கஹாங் ஹைங்?" என்று, அதாவது அப்பா எங்கே என்று இந்தியில் கேட்டிருக்கிறார். நம் ஊர் வழக்கில் பாப்பா என்றால் குழந்தைதானே? அவள் "வீட்ல தூங்குறான்" என்று தம்பியைச் சொல்லியிருக்கிறாள். டீச்சருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அவருடைய கணவரும் அப்போது ஃபீல்டில்தான், அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத பணியிடத்தில் இருந்தார். அன்று மாலை எனக்கு போன் செய்து, "அவள் அப்பா எப்போது லீவில் வருகிறார்? அந்த வாரம் டெஸ்ட் வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இப்படி ஒரு புரிதலை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதே காரணத்தால், நடு வருடத்தில் அவர் கணவருக்கு போஸ்டிங் வந்ததும் டீச்சரும் போய்விட்டார். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கன்டோன்மென்ட் போர்டு (ராணுவக் குடியிருப்புப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பு) நடத்தும் பள்ளி மகனுக்கு வாய்த்தது. கணவர் ஃபீல்டுக்குப் போனபோது பல்லாவரம் பக்கம் அம்மா வீட்டில் ஒரு வருடம் இருந்தோம். ஃபீஸ் கவலை இல்லை. ராணுவப் பிள்ளைகள் குறைவு. பூக்கடைக்காரர் மகனும் ஆட்டோ ஓட்டுகிறவர் மகளும்தான் அவனுக்குச் சிநேகிதர்கள். கட்டடமும் பெஞ்சும் பழசு. ஆனால் அவன் தமிழ் எழுதப் படித்தது அங்கேதான். 'ழ' போடத் தெரியாமல் கீழே உள்ள சுழியை எதிர்ப்பக்கம் இழுப்பான். டீச்சர் அவன் விரலைப் பிடித்து மணல் தட்டில் எழுத வைத்தார். இன்று தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். என் மகளுக்கு அது வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேவியிலிருந்து கேவிக்கு டிசியோடு போவது தனி முறை. வெளிப் பள்ளியிலிருந்து கேவிக்குப் போனால் புது அட்மிஷன்தான், காலி இடம் இருந்தால்தான் உண்டு. மகனுக்கு அந்தச் சிக்கல் வந்தது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: கணவர் குடும்பம் தங்க முடியாத இடத்துக்குப் போகும்போது, நாம் குடும்பத்தை வைக்கும் ஊரில் கேவி சீட் கேட்க நமக்குத் தனிச் சலுகை உண்டு. எனக்கு அது தெரிய வந்தபோது வருடம் முடிந்துவிட்டது.

ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறவர்கள் கேவியை விடாதீர்கள். கணவர் ஃபீல்டில், நீங்கள் எஸ்எஃப் குவாட்டர்ஸில் (கணவரைப் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான வீடுகள்), பிள்ளை ஒன்றாம் இரண்டாம் வகுப்பு என்றால் ஆர்மி பப்ளிக் ஸ்கூல். சொந்த மாநிலத்தில் ஒரு வருடமாவது கிடைத்தால் போர்டு பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எதுவானாலும் சேர்க்கும் முன், வருடத்தின் நடுவில் வந்த பிள்ளையை எந்த வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்று வகுப்பறை வாசலில் நின்று பாருங்கள். நான் இப்போது ரிசல்ட் போர்டைப் பார்ப்பதே இல்லை, அதைத்தான் பார்க்கிறேன்.